கொளத்தூர் கடைகளில் கிடைக்கும் 165 வாட் கறுப்புப் பெட்டி லைட்: பவளத் தொட்டிக்குத் தேறுமா?

சென்னையின் மீன்தொட்டிச் சந்தையான கொளத்தூரில் கடல்நீர்த் தொட்டிக்கு லைட் கேட்டால் எடுத்துக் காட்டுபவற்றில் இந்தக் கறுப்புப் பெட்டியும் இருக்கும். பிராண்ட் பெயர் பெட்டிக்குப் பெட்டி மாறும், உள்ளே சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். 55 எல்.இ.டி., ஒவ்வொன்றும் 3 வாட், பெருக்கினால் 165. ஆனால் நீலத்துக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று என வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு குமிழையும் முழுக்கத் திருப்பினாலும் 120 வாட்டை ஒட்டித்தான் மின்சாரம் இழுக்கும். வருத்தப்பட ஒன்றுமில்லை, 2 அடித் தொட்டிக்கு அதுவே மிகை. ராடியான், கெசில் போன்ற உயர்விலை பிராண்டு லைட்டுகளின் விலையில் சிறு பங்குக்கு வருகிற இந்த லைட்டில் பவளம் வளரும், நிறமும் பிடிக்கும். வெள்ளைக் குமிழை அடக்கி வைத்தால்.

ஏன் என்று கொஞ்சம் பார்க்கலாம். பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் ஒளியை உணவாக்கித் தருகிறது. அந்தப் பாசியின் நிறம் பழுப்பு. அது அதிகம் உறிஞ்சுவது 420 முதல் 480 நானோமீட்டர் வரையிலான ஊதா, நீல ஒளியை. ஒளி போதாவிட்டால் பாசி தன் நிறமிகளைக் கூட்டிக்கொள்ளும், பவளம் மொத்தமும் காப்பித்தூள் நிறத்துக்கு வந்துவிடும். ஒளி மிஞ்சினால் பாசியை வெளியே தள்ளி வெளுக்கும். நாம் ஆசைப்படும் பச்சை, ஆரஞ்சு, ஊதா எல்லாம் பவளம் தானே உண்டாக்கும் நிறப் புரதங்கள். பலவற்றின் உற்பத்தியைத் தூண்டுவதும் நீல ஒளிதான்.

கடைக்காரர் முழு நீலத்தில் காட்டும்போது எல்லாம் மின்னத்தான் செய்யும். வெள்ளையைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் நிறம் நின்றால் அது பவளத்தின் நிறம், பழுப்பாகிவிட்டால் லைட் போட்ட வேடம்.

இங்கே பேசுவது மஷ்ரூம், ஸோவாந்தஸ் (சுருக்கமாக ஸோவா), லெதர் கோரல் போன்ற, கல் கூடு இல்லாத வகைகளை வைத்து. கல் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. காகிதம் எதுவும் இல்லாமல் யாராவது நீட்டினால் கை வைக்காதீர்கள்.

மாட்டும் உயரம் முக்கியம். 90 டிகிரி லென்ஸ் உள்ள பெட்டியை நீர்மட்டத்துக்கு மேலே 25 முதல் 30 செ.மீ. உயரத்தில் தொங்கவிடுங்கள். அதைவிட இறக்கினால் நடுவில் ஒளி குவிந்து, ஓரத்தில் பாதிகூட இருக்காது. சிவப்பும் பச்சையும் தனித்தனிப் புள்ளிகளாக மணலில் ஆடுவதையும் பார்க்கலாம். 3 அடித் தொட்டிக்கு ஒரு பெட்டி போதும் என்று சொல்வார்கள், போதாது.

குமிழ்களில் எண் கிடையாது. இந்தப் பெட்டியின் பெரிய குறையே இதுதான். தொடக்கத்தில் கொஞ்ச தூரம் திருப்பியும் எரியாது, பிறகு சட்டென்று ஏறும். வெள்ளை மார்க்கரால் பத்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரம் நீலம் மூன்றாம் கோடு, வெள்ளை எரியத் தொடங்கும் இடம். அதற்குப் பின் வாரத்துக்கு அரைக் கோடு, அதுவும் நீலத்தில் மட்டும். நீலம் ஆறைத் தாண்ட வேண்டிய தேவை பெரும்பாலும் வராது, வெள்ளை இரண்டைத் தாண்ட வேண்டாம். வெள்ளைக் குமிழோடுதான் சிவப்பு, பச்சை எல்.இ.டி.யும் சேர்ந்து வருகின்றன. அவற்றைக் கூட்டினால் நம் கண்ணுக்கு வெளிச்சமே தவிர, பவளத்துக்குப் பெரிய லாபமில்லை, கண்ணாடியில் பாசி படிவதுதான் மிச்சம்.

போனில் லக்ஸ் ஆப் வைத்து அளப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, 555 நானோமீட்டர் பச்சைக்குத்தான் அதில் மதிப்பு அதிகம். நீலத்தில் எண் குறைவாகவே வரும். போதவில்லை என்று குமிழைத் திருப்புவார்கள், இரண்டு வாரத்தில் பவளம் வெளுக்கும். வேண்டியது ‘பார்’ (PAR) அளவு, அதாவது ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு. அபோஜி எம்க்யூ-510 போல நீருக்குள் இறக்கும் மீட்டர் யாரிடமாவது இருந்தால் ஒரு நாள் இரவல் வாங்குங்கள். மஷ்ரூமுக்கு 50 முதல் 80, ஸோவாவுக்கும் லெதருக்கும் 80 முதல் 150 போதும். மீட்டர் கிடைக்காவிட்டால் பவளத்தையே பாருங்கள்: ஸோவாவின் தண்டு நீண்டு மேலே எட்டினால் ஒளி குறைவு, மஷ்ரூம் சுருங்கி ஓரம் மடங்கினால் அதிகம். லெதர் சில நாள் மூடிக்கொண்டு மெழுகுபோல் ஒரு தோலை உரிக்கும், அது அதன் வழக்கம், லைட்டைத் தொடவேண்டாம்.

இரண்டு வயர் வருவதால் இரண்டு டைமர் வேண்டும். நீலம் பகல் 12 முதல் இரவு 9, வெள்ளை 2 முதல் 7. சுற்றும் டைமர் வாங்காதீர்கள், கரண்ட் போன நேரமெல்லாம் அது பின்தங்கி, கடைசியில் நடுராத்திரி வரை லைட் எரியும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர்தான் சரி. சராசரி 60 வாட், 9 மணி நேரம் என்றால் மாதம் 16 யூனிட்.

மே மாதம் தனிக் கதை. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது, நேற்றுவரை ஒத்துக்கொண்ட அதே ஒளி பவளத்தை வெளுக்கவைக்கும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாதவர்கள் நீர்ப்பரப்பின் மேல் ஃபேன் வைப்பார்கள், கடலோரக் காற்றின் ஈரத்தில் அது முழுப்பலன் தராது. வெயில் தணியும்வரை நீலத்தை இரண்டு கோடு இறக்கி வைப்பது நல்லது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தில் இருக்கும் ‘சுத்தமான’ தொட்டியிலும் இதே வெளுப்பு வரும், நைட்ரேட் 2 முதல் 10 பி.பி.எம். இருக்கட்டும்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. வெளியே உப்புக்காற்று, உள்ளே தொட்டி தெறிக்கும் உப்பு. பெட்டியின் ஃபேன்தான் முதலில் போகும், ஃபேன் நின்றால் சூட்டில் எல்.இ.டி. கருகும். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு ஃபேனைப் பிரஷ்ஷால் தட்டி, லென்ஸை ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். லென்ஸ் மேல் படியும் வெள்ளைப் படலம் ஒளியைத் தின்றுவிடும். தொங்கவிடும் கம்பியின் கொக்கியில் துரு ஏறுகிறதா என்றும் பாருங்கள், பெட்டி தண்ணீருக்குள் விழுந்தால் பவளத்தோடு போகாது.

வாங்கும்போது கடையிலேயே இரண்டு வயரையும் செருகி, 55 விளக்கும் எரிகிறதா, ஃபேன் உரசுகிறதா என்று பார்த்துவிடுங்கள். வரிசையாக இணைத்திருப்பதால் ஒன்று போனால் அந்த வரிசை முழுக்க அணையலாம். வாரண்டி பேச்சு பெரும்பாலும் பேச்சோடு சரி. ஃபேனின் அளவையும் அதில் ஒட்டியிருக்கும் வோல்ட்டேஜையும் குறித்துக்கொண்டு போனால் சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் மாற்று தேடலாம், எல்.இ.டி.யையும் சால்டரிங் தெரிந்தவர் மாற்றித் தருவார். இப்படிக் கழற்றி மாட்ட முடிவது விலை உயர்ந்த பல லைட்டுகளில் இல்லாத வசதி.