ஜெர்சி கிராஸா, புலிக்குளமா? ஒரு கொட்டகைக் கணக்கு

தேவகோட்டைப் பக்கம் மாடு வாங்கிக் கட்ட நினைக்கும் பங்காளி வீட்டுத் தம்பி ஒருவன், "அண்ணே, ஜெர்சி கிராஸா, நாட்டு மாடா?" என்று கேட்டான். "சித்திரையில உன் கிணத்துல எவ்வளவு தண்ணி கெடக்கும்?" என்று திருப்பிக் கேட்டேன். முறைத்தான்.

கலப்பினமான ஜெர்சி கிராஸையே முதலில் பார்ப்போம். பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு உடம்பைத் தாங்க ஒன்றரைக் கிலோ அடர்தீவனம், அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ. ஆக நாளுக்கு ஐந்தரைக் கிலோ. கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் 165 ரூபாய். ஆவின் 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 35 ரூபாய் ஆக்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. அப்படியானால் வரவு 380, கையில் நிற்பது 215. நல்ல காசாகத்தான் தெரியும். வைக்கோல், சினை ஊசி, மடிநோய்க்கு மருந்து எல்லாம் இந்த 215-க்குள்தான். ஊசி ரெண்டு தடவை பிடிக்காமல் போனால், பால் வற்றிய மாட்டுக்கும் மாதக்கணக்கில் தீனி போட வேண்டும்.

நம் ஊரில் கண்மாய்த் தண்ணீரை நம்பி ஒரு போகம்தான். தையில் அறுத்த வைக்கோல் தீர்ந்தால் தஞ்சாவூர்க் கட்டுக்குக் காசு எண்ண வேண்டியதுதான். கிணறு கைகொடுத்தால் மாட்டுக்குப் பத்து சென்ட் கோ 4 புல்லும், வரப்பில் அகத்தியும் போட்டுத் தீவனச் செலவைக் கொஞ்சம் குறைக்கலாம். கிணறு இல்லாதவன் புல்லையும் விலைக்கு வாங்குவான். அவனுக்கு இந்த மாடு வேண்டாம்.

வெயிலையும் சொல்ல வேண்டும். போன வைகாசியில் மத்தியானம் ரெண்டு மணிக்கு எங்கள் தகரக் கொட்டகையில் ஜெர்சி வாயைத் திறந்து இரைத்துக்கொண்டு நின்றது, முதுகில் ஈரச் சாக்கு போட்டும். சாயங்காலக் கறவையில் ரெண்டு லிட்டர் குறைவு. பக்கத்து வேப்பமரத்தடியில் நாட்டு இனமான புலிக்குளம் பசு சாவகாசமாக அசை போட்டுக்கொண்டிருந்தது.

மானாமதுரைப் பக்கத்துப் புலிக்குளத்தின் பேர்தான் அந்த இனத்துக்கு. கன்று குடித்தது போக ஒன்றிரண்டு லிட்டர் கறந்தாலே பெரிசு; பாலுக்காக அதை வாங்கக் கூடாது. வரவு வேறு வழியில்: ஜல்லிக்கட்டுக்குக் காளைக்கன்று, அறுத்த வயலில் எருவுக்காக ராத்திரி கிடை போட்டால் கூலி. ஆனால் மேய இடம் வேண்டும். கண்மாய் உள்வாயெல்லாம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்க, எங்கே ஓட்டுவது?

எருமை? பாலில் கொழுப்பு அதிகம், விலையும் கூடுதல். ஊறக் குட்டை வேண்டும். கோடையில் வற்றும் ஊரணிகளை நம்பி நான் வாங்க மாட்டேன்.

சுற்றுச்சூழல் கணக்கு அத்தனை நேராக இல்லை. ஒரு லிட்டர் பாலுக்கு இவ்வளவு மீத்தேன் என்று பார்த்தால் ஜெர்சிதான் ஜெயிக்கும். பாலின் அளவு அதிகமல்லவா. ஆனால் அதன் புண்ணாக்கும் சோளமும் லாரியில் வருகின்றன. புலிக்குளம் தின்பதோ நமக்கு உதவாத புல்லும் தட்டையும். கிடையில் விழும் சாணம் காய்ந்து மண்ணோடு சேர்வதால், குழியில் ஊறும் சாணத்தைவிடக் குறைந்த மீத்தேன்தான் விடும். கொட்டகைச் சாணத்துக்கும் வழி உண்டு. ரெண்டு ஜெர்சி போடும் 25 கிலோ சாணத்தில் தினம் ஒரு கன மீட்டர் கோபர் கேஸ் கிடைக்கும். மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு சிலிண்டர். கழிவுச் சாணிப்பால் நேராகப் புல்லுக்கு.

தம்பிக்குச் சொன்னது இதுதான்: கிணறு இருந்தால் ரெண்டு ஜெர்சி கிராஸ், கூடவே சாண எரிவாயுக் கலன். லோன் தருகிறார்கள் என்று ஐந்தாக்காதே. கிணறு இல்லையென்றால், மேய இடம் பார்த்துக்கொண்டு ரெண்டு புலிக்குளம் பசு, வீட்டுக்கு மட்டும் பால். அவன் இன்னும் கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. சந்தைக்குப் போக வண்டி மட்டும் பேசிவிட்டான்.