பைலா, போனா, பிரிட்ஜ் கதவா? பிள்ளையின் பத்திரங்கள் இருக்க வேண்டிய இடம்

கொழும்பில் பிள்ளை வளர்க்கும் வீடுகளில் பத்திரங்கள் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் கிடக்கும்: அலுமாரியில் ஒரு பைல், அம்மாவின் போன், கொஞ்சம் விவரமான வீடென்றால் கூகுள் டிரைவ். நான்காவதாக பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய ஒற்றைத் தாளும் உண்டு. அதை யாரும் ஒரு பத்திரமென்று கணக்கெடுப்பதில்லை. என்னைக் கேட்டால், அன்றாடத் தேவைக்கு இந்த நான்கில் அதுதான் கெட்டிக்காரத்தனமானது. ஆனால் அதை நீட்டினால் எந்த அலுவலகமும் ஏற்காது. அதனால் பத்திரத்தை யார் கேட்கிறார்கள் என்பதிலிருந்துதான் இந்த ஒப்பீட்டைத் தொடங்க வேண்டும்.

பைல்

மூலப்பிரதி கேட்கும் இடங்களில் பைலுக்குப் போட்டியே இல்லை. பிறப்புச் சான்றிதழும் கிளினிக் கார்டும்தான் அதன் உயிர். பிறப்புச் சான்றிதழ் தொலைந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம், உலகம் அழிந்துவிடாது. பதிவு இலக்கமும் திகதியும் கையில் இருந்தால் வேலை சுருக்காக முடியும். இல்லாவிட்டால் தேடுவதற்குத் தனிக் கட்டணம், தனிக் காத்திருப்பு.

கிளினிக் கார்ட் அப்படியல்ல. குடும்ப சுகாதாரப் பணியகத்தின் அந்தப் பதிவேடு பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு, ஆண் பிள்ளைக்கு நீலம். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி., 2, 4, 6 மாதங்களில் பென்டாவேலன்ட், 9 மாதத்திலும் 3 வயதிலும் எம்.எம்.ஆர்., 5 வயதுத் தடுப்பூசி என எல்லாம் திகதியோடு அதில் வரிசையாக ஏறும். வளர்ச்சி வரைபில் மிட்வைஃப் பேனாவால் வைத்த புள்ளிகளும் அங்கேதான் இருக்கும். தொலைந்தால் புதுக் கார்ட் கிடைக்கும், பழைய புள்ளிகளை யாராவது தேடி எடுத்து எழுதித் தரவேண்டும். தனியார் வைத்தியசாலையில் ஊசி போட்டால் சில இடங்களில் தனி அட்டை தருவார்கள். அதை அப்படியே விடாமல் அடுத்த கிளினிக்கில் கார்டிலும் பதியச் சொல்லுங்கள். முதலாம் தரத்துக்குப் போகும்போது தடுப்பூசி விவரம் கேட்பார்கள், அப்போது இரண்டு அட்டைகளையும் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பைலில் இருக்க வேண்டிய இன்னொன்றைப் பலர் பிள்ளையின் பத்திரமாகவே நினைப்பதில்லை: வீட்டின் பத்திரங்கள். அரச பாடசாலை ஒன்றுக்கு வசிப்பிட அடிப்படையில் விண்ணப்பித்தால் முந்தைய வருடங்களின் வாக்காளர் இடாப்பு, காணி உறுதி அல்லது குத்தகை ஒப்பந்தம், மின்சாரப் பில், தண்ணீர்ப் பில் எல்லாம் பார்ப்பார்கள். வெள்ளவத்தையில் அனெக்ஸ் மாறி அனெக்ஸ் குடியிருப்பவர்களுக்குப் பில் வீட்டுக்காரர் பெயரில் வரும். இடாப்பில் பெயர் பழைய விலாசத்திலேயே நிற்கும். ஜனவரி 31 இல் பிள்ளைக்கு ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பது விதி. நாலரை வயதில் பைல் வாங்கி ஐந்து வருட வசிப்பைக் காட்ட ஓடுவதில் பலனில்லை. பிள்ளை பிறந்த வருடமே வாக்காளர் பதிவைச் சரிபார்த்து, குத்தகை ஒப்பந்தத்தின் பிரதியையும் போட்டு வையுங்கள்.

எந்தப் பைல் என்று கேட்டால், துளை போடும் ரிங் பைலைவிடக் கிளியர் புக் நல்லது. பிறப்புச் சான்றிதழில் துளை போடுவதைப் பார்த்தாலே எனக்கு உடம்பு கூசும். கிளினிக் கார்ட் கிளியர் புக்கின் பைக்குள் சரியாக உட்காராது, அதை ஜிப் பையில் தனியே வைத்துப் பைலோடு சேர்க்கலாம். ‘லெமினேட் பண்ணித் தரவா?’ என்று போட்டோக்கொப்பி எடுக்கும் கொமியூனிகேஷன் கடையில் அன்பாகக் கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒட்டிய தாளைப் பிரிக்கவே முடியாது. கிளினிக் கார்டிலோ இன்னும் பல வருடம் எழுத இருக்கிறது. சில லெப் ரிப்போர்ட்டுகள் பில் அடிக்கும் வெப்பத் தாளில் வரும். அதை லெமினேட் இயந்திரத்துக்குள் விட்டால் முழுத் தாளும் கறுத்துவிடும். அப்படிப்பட்ட தாளை அன்றைக்கே போட்டோக்கொப்பி எடுப்பதுதான் வழி.

பைலின் எதிரி தண்ணீர். 2016 மேயில் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அலுமாரியின் அடித்தட்டு அந்தப் பக்கத்து வீடுகளுக்கு ஆகாது. மேல்தட்டில், பொலித்தீன் பைக்குள் வையுங்கள்.

அம்மாவின் போன்

எல்லோரும் செய்வது இதுதான், எனக்கு மிகக் குறைவாகப் பிடித்ததும் இதுதான். சனிக்கிழமை இரவு டிஸ்பென்சரியில் மருந்துத் துண்டைக் காட்ட வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படம் பிறந்தநாள் கேக்குக்கும் சாரிக்கடை ஸ்கிரீன்ஷொட்டுக்கும் நடுவில் கிடக்கும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி, முத்திரையின் எழுத்து வாசிக்க முடியாமல் போகும் (டொக்கியுமென்டாக அனுப்பினால் சுருங்காது). இதைவிடப் பெரிய குறை, போன் ஒருவரோடு வெளியே போய்விடுவது.

“மகள், பிள்ளைக்குக் காய்ச்சல். பாணி எவ்வளவு குடுக்கிறது?”

“நிறையைப் பார்த்துத்தானே அம்மா குடுக்கோணும். டொக்டர் எழுதின துண்டு என்ட போன்லதான் கிடக்கு. மீட்டிங் முடிய அனுப்புறன்.”

பரசிட்டமோல் பாணியின் அளவு பிள்ளையின் நிறையைப் பொறுத்தது. பகலில் பிள்ளையோடு இருப்பது அம்மம்மா, விவரம் இருப்பது கொழும்புக் கோட்டையில் ஒரு கந்தோரில்.

டிரைவ்

அப்பா டோஹாவில், அம்மா கொட்டாஞ்சேனையில் என்று இருக்கும் குடும்பங்களுக்கு இது போனைவிடப் பல மடங்கு மேல். இருவரும் திறக்கக்கூடிய ஒரே கோப்புறை போதும். பிறப்புச் சான்றிதழின் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பும் கடவுச்சீட்டின் முதற்பக்கமும் அதில் இருந்தால் விசா வேலைக்கு அங்கிருந்தே அவர் பிரின்ட் எடுக்கலாம். இலவச இடம் 15 ஜீபி. 2021 ஜூனிலிருந்து கூகுள் போட்டோஸின் படங்களும் அந்தக் கணக்கில்தான் சேருகின்றன. கலியாண வீட்டு வீடியோவால் அது நிரம்பினால் புதிய ஸ்கேன் ஏறாது. கணக்கைத் திறக்கக் கூகுள் அனுப்பும் குறியீட்டுச் செய்தி தொலைந்த போனுக்கே போகும்படி விட்டால் வாசல் பூட்டி சாவி உள்ளே என்ற கதைதான். இரண்டாவது இலக்கம் ஒன்றையும் பதிந்து வையுங்கள்.

பிறப்புச் சான்றிதழைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். பெற்றோரின் விவரமும் பிள்ளை பிறந்த திகதியும் ஒரே தாளில் இருக்கின்றன. அது சித்தப்பாவின் நண்பர்வரை போக வேண்டியதில்லை.

பிரிட்ஜ் கதவுத் தாள்

ஒரு ஏ4, பெரிய எழுத்து, தமிழில். பிள்ளையின் நிறையும் அதைப் பார்த்த திகதியும், அந்த நிறைக்கு டொக்டர் சொன்ன பாணி அளவு, ஒவ்வாமை இருந்தால் சிவப்புப் பேனாவில். பிறகு மிட்வைஃப், பாடசாலை வான்காரர், பக்கத்து வீடு ஆகியோரின் இலக்கங்கள், பாடசாலையிலிருந்து பிள்ளையைக் கூட்டிவர அனுமதியுள்ளவர்களின் பெயர்கள், சுவசெரிய அம்புலன்ஸின் 1990. அம்மம்மா கண்ணாடி போடாமலே வாசிக்க வேண்டும், அதுதான் அளவு. நிறையும் அளவும் பென்சிலில் இருந்தால் ஒவ்வொரு கிளினிக்குக்குப் பிறகும் மாற்றலாம். திகதி பழசாகிப்போன தாள், தாள் இல்லாததைவிட மோசம்.

பிரிட்ஜ் கதவை வேலைக்கு வருபவர், கேஸ் கொண்டுவருபவர் எல்லோரும் பார்ப்பார்கள். ஆகவே பிறப்புப் பதிவு இலக்கமும் திகதியும் தாளின் பின்பக்கத்துக்குப் போகட்டும். அங்கேயே பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் எழுதிவிடுங்கள். சான்றிதழ் தமிழில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது தீராத தலையிடி. தர்ஷன் என்ற பெயரை மொழிபெயர்ப்பாளர் ‘Darshan’ என்று எழுதுவார், நேர்சரி டீச்சர் ஒரு ‘h’ சேர்த்து ‘Dharshan’ என்பார், கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் அப்பா ‘Tharshan’ என்று தொடங்குவார். 15 வயதில் பாடசாலை ஊடாகத் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் மூன்றும் ஒரே மேசையில் சந்திக்கும். அதற்குப் பிறகு திருத்துவதென்றால் சத்தியக் கடதாசியும் அலைச்சலும். மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கும்போதே எழுத்துக்கூட்டலைச் சொல்லிக் கொடுங்கள். பெரும்பாலான மொழிபெயர்ப்பாளர்கள் அதைக் கேட்டுத்தான் எழுதுவார்கள்.

முதற்பல், முதல் மொட்டை என்று படம் ஒட்டும் ‘பேபி புக்’கையும் சிலர் இந்த வரிசையில் சேர்க்கிறார்கள். அழகானதுதான், ஆசைக்கு வாங்கலாம். ஆனால் பிறப்புச் சான்றிதழை அதில் கோந்து பூசி ஒட்டுவதற்கென்றே ஒரு பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்தில் ஒரு போட்டோக்கொப்பியை ஒட்டுங்கள்.