டெக்சன் பிஎல்-310இடி ரேடியோவும் ஏஎன்-200 வளைய ஆன்டெனாவும்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து

ரேடியோ வந்த அன்றைக்கு ராத்திரி மத்திய அலையில் (ஏஎம்) ஒரு மண்ணும் கேட்கவில்லை. அலைவரிசை முழுக்க 'கர்ர்ர்' என்று ஒரே இரைச்சல், காசைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டோமோ என்றுகூட நினைத்தேன். ஆனால் தப்பு ரேடியோவில் இல்லை. சாமி மேடையில் அம்மா மாட்டியிருந்த எல்இடி விளக்கும் கைப்பேசி சார்ஜரும் சேர்ந்து போட்ட சத்தம் அது, ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். "சாமி விளக்க அணைச்சிட்டு அப்படி என்னடா ரேடியோ வேண்டிக் கெடக்கு" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து வீட்டுக்குள் கேட்பதையே விட்டுவிட்டேன், வீட்டுக்குப் பின்னால் செம்பனை தொடங்கும் இடத்தில், மின்கம்பிக்குத் தள்ளி ஒரு நாற்காலி போட்டுக்கொள்கிறேன்.

ரேடியோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கைக்கு அடக்கமானது, மூன்று ஏஏ பேட்டரி போதும். நிலையம் தேடும்போது என்னுடையது 10 கிலோஹெர்ட்ஸ் படியில் தாவிக்கொண்டிருந்தது. அது அமெரிக்கக் கணக்கு. நம் பக்கத்தில் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருப்பதால் 882, 1053 போன்ற எண்களில் இருக்கும் நிலையங்கள் எல்லாம் அகப்படாமல் தாண்டிப் போகும். ரேடியோவை அணைத்துவிட்டு 3-ஆம் எண்ணை அழுத்திப் பிடித்தால் 9-க்கு மாறிவிடும். ரேடியோ ஒரே நேரத்தில் எடுக்கும் அலைவரிசையின் அகலத்தை 6, 4, 3, 2, 1 கிலோஹெர்ட்ஸ் என்று குறைத்துக்கொண்டே போகலாம். நான் 3-இல் வைப்பேன், பக்கத்து நிலையம் நெருக்கினால் 2, அப்போது குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும் ஆனாலும் புரியும். உள்ளே இருக்கும் சிப்பின் குணம், அலை பலவீனமானால் ஒலியைத் தானாகவே தாழ்த்திவிடும், தொலைதூர நிலையம் கேட்கிறவர்களுக்கு இது பெரிய எரிச்சல்.

அந்த எரிச்சலைத் தீர்த்தது வளையம்தான். ஏஎன்-200-க்கு மின்சாரமும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். கம்பி சுற்றிய ஒரு வளையம், கீழே ஒரு திருகு, அவ்வளவுதான். இந்த ரேடியோவின் ஆன்டெனா துளை பண்பலைக்கும் சிற்றலைக்கும் மட்டும் என்பதால் ஒயரைச் செருகி எந்தப் பயனும் இல்லை. வளையத்தைப் பக்கத்தில் வைத்தாலே போதும், ரேடியோவுக்குள் மேல்பக்கம் படுத்திருக்கும், மத்திய அலையைப் பிடிக்கும் ஃபெரைட் கம்பியின் முனை வளையத்தின் நடுவைப் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். பிறகு திருகை மெதுவாகத் திருப்பினால் ஓர் இடத்தில் குரல் சட்டென்று மேலே எழும், திரையில் அலையின் பலத்தைக் காட்டும் எண்ணும் ஏறும். நிலையத்தை மாற்றும்போதெல்லாம் திருகையும் திருப்ப வேண்டும், சோம்பேறிகளுக்கு ஒத்துவராது.

வளையத்தின் விளிம்பு பார்க்கும் திசையிலிருந்து நன்றாக எடுக்கும், முகம் பார்க்கும் திசை செத்துவிடும். நம் ஊருக்கு இது ஒரு அதிர்ஷ்டம். தமிழ்நாடும் இலங்கையும் மேற்கே, தாய்லாந்து வடக்கே. முகத்தை வடக்கே காட்டினால் தாய் நிலையங்கள் அடங்கும், மேற்கு அப்படியே திறந்திருக்கும். சுமத்ராவை மட்டும் அப்படி ஒதுக்க முடியாது, அதுவும் கிட்டத்தட்ட அதே பக்கம்தானே.

நேரத்தைச் சொல்லாவிட்டால் வாங்கிவிட்டு என்னைத் திட்டுவீர்கள். பகலில் வானத்தின் கீழ் அடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடும், இருட்டிய பிறகுதான் தூரத்து நிலையம் வரும். நமக்கு ஏழு மணி சொச்சத்துக்கே இருட்டிவிடுகிறது, ஆனால் சென்னையில் பொழுது சாய நம் நேரத்துக்கு எட்டரை, ஒன்பது ஆகும். அதற்கு முன்னால் தேடுவது வீண். காலையில் கேட்கலாம் என்று அலாரம் வைத்து எழுந்தும் பார்த்தேன், இந்திய நிலையங்கள் விடியற்காலை ஒலிபரப்பைத் தொடங்கும்போது இங்கே பசியாறும் நேரம், வெயில் வந்துவிடுகிறது.

முதலில் வந்தது புத்தளம் 882, டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோவின் தமிழ் நிகழ்ச்சி. அது 400 கிலோவாட் என்பதால் வளையம் இல்லாமலேயே வந்தது. சென்னை 720-க்கு வளையம் வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட 2,500 கிலோமீட்டர், குரல் அலை மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது, ஒரு செய்தி வாக்கியத்தின் பாதி வரும் மீதி வராது. ஆகாசவாணியின் சில நிலையங்கள் டிஆர்எம் என்ற டிஜிட்டல் ஒலிபரப்பும் செய்கின்றன, அது இந்த ரேடியோவில் வெறும் சீறலாகத்தான் கேட்கும், பழுது என்று பயப்பட வேண்டாம்.

அக்டோபர், நவம்பரில் பாதி நாள் சாயங்காலம் இடிமழை. ஒவ்வொரு மின்னலுக்கும் காதில் 'டப்' என்று அடிக்கும், வளையம் அதையும் சேர்த்துத்தான் பெரிதாக்குகிறது. அந்த மாதிரி நாளில் மரத்தடியில் உட்காரவே கூடாது, வீட்டில் நம் தமிழ் வானொலி 'மின்னல் பண்பலை'யைப் போட்டுக் கேளுங்கள்.

இரண்டும் சேர்ந்து எனக்கு முந்நூறு வெள்ளிக்கு மேல் ஆனது. இணையத்தில் வாங்கிய கடைக்காரர் வளையத்தை ஒரு பழைய பிஸ்கட் பெட்டியில் திணித்து அனுப்பியிருந்தார், தாங்கியின் ஓரம் விரிசல் விட்டு வந்தது, கேட்டதற்குப் பதிலே இல்லை. பசை போட்டு ஒட்டிக்கொண்டேன்.

அடுக்குமாடியில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். தோட்டப் பக்கம் வீடு, பழைய ஏஎம் ரேடியோ ஏதாவது பரணில் கிடக்கிறது என்றால் முதலில் வளையத்தை மட்டும் வாங்கி அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், புது ரேடியோவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.