சார்னியா வார்ப்பு: அச்சு நேர்த்தி, வண்ணமும் அட்டையும் பிழை

ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன் கடலில் வாழ்ந்த மடல் வடிவ உயிரியான சார்னியா மசோனியின் புதைபடிவ ரெசின் வார்ப்பை உறையிலிருந்து எடுத்தபோது, சாம்பல் நிறப் பலகை ஒன்றைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை. அறையை இருட்டாக்கி, கைவிளக்கைப் பலகையின் ஓரத்தில் கிடத்தியபின், ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமுள்ள மடல் ஒன்று கிளை கிளையாக எழுந்து வந்தது. மேடுபள்ளம் மிகக் குறைவான இத்தகைய பதிவுகளைப் பாறையில் காண்பதற்கும் சாய்ந்த ஒளியே தேவைப்படுகிறது என்பதால், இதை வார்ப்பின் குறையாக நான் கொள்ளவில்லை.

அச்சின் நேர்த்தி வியப்பளிக்கிறது. ஒவ்வொரு கிளையும் சிறு கிளைகளாகவும், அவை மீண்டும் அதே வடிவில் இன்னும் சிறியவையாகவும் பிரிவதை விரல் நுனியாலேயே உணர முடிகிறது. ஆனால் இவ்வளவு கவனமாக வார்த்தவர்கள், வண்ணம் தீட்டும்போது மடலின் நடுவே நேரான கருங்கோடு ஒன்றை இழுத்து அதற்கு இலை நரம்பு முளைக்கச் செய்துவிட்டார்கள். சார்னியாவின் இருபுறக் கிளைகளும் எதிரெதிராக அமையாமல் மாறி மாறி அமைவதால் அதன் நடுக்கோடு வளைந்து வளைந்து செல்லும். இலையிலிருந்து அதை வேறுபடுத்தும் முதன்மையான அடையாளத்தையே அந்தத் தூரிகை மறைத்துவிட்டது.

உடன் வந்த அட்டையோ இதைக் 'கடல் தாவரம்' என்கிறது. 1958-இல் இதற்குப் பெயரிட்ட டிரெவர் ஃபோர்டு பாசியாக இருக்கலாம் என்று கருதியது உண்மைதான். எனினும், இதன் உறவினங்கள் வெளிச்சம் எட்டாத ஆழ்கடல் தரையிலும் வாழ்ந்தமை தெரிந்தபின் அக்கருத்து நிலைக்கவில்லை. பின்னர் மென்பவள இனமான கடற்பேனாவோடு இதை ஒப்பிட்டார்கள். கடற்பேனாவில் புதிய கிளைகள் அடிப்பகுதியில் தோன்ற, சார்னியாவிலோ நுனியில் தோன்றுகின்றன என்று காட்டப்பட்டதால் அதுவும் வலுவிழந்தது. கையிலுள்ள வார்ப்பிலேயே கிளைகள் நுனியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போவதைக் காணலாம்.

இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டில் 1957-இல் இதைக் கண்ட பள்ளி மாணவர் ரோஜர் மேசனின் பெயர் அட்டையில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டே இதைப் பார்த்து ஆசிரியரிடம் சொல்லி, அத்தனை பழைய பாறையில் புதைபடிவம் இருக்காது என்ற மறுப்பைப் பெற்ற மாணவி டினா நீகஸின் பெயர் இல்லை. இந்த விடுபாடு எனக்குச் சற்று எரிச்சலூட்டியது.

வகுப்பறைக்கு இதை வாங்கலாம். வண்ணம் பூசாத வார்ப்பு கிடைக்குமா என்று விற்பனையாளரிடம் முதலில் கேளுங்கள். பூசியதுதான் உண்டு என்றால், அந்தக் கருங்கோட்டின்மீது சாம்பல் வண்ணத்தை மெல்லியதாகத் தடவிவிட்டு, அட்டையை உறையிலேயே விட்டுவிடுங்கள்.