போலி உரம் என்று சண்டை போடப் போனேன்: சேலம் செவ்வாய்பேட்டை உரக்கடை

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர் காப்பி. போன வருடம் பூமழை (காப்பியைப் பூக்க வைக்கும் கோடை மழை) முடிந்ததும் இந்தக் கடையில் 2 மூட்டை அமோனியம் சல்பேட் வாங்கிப் போட்டும் இலை வெளுத்தே கிடந்தது. போலி உரம்தான் என்று முடிவு கட்டி, 20 கொண்டை ஊசி வளைவையும் கோபத்தோடுதான் இறங்கினேன்.

கடைக்காரப் பெரியவர் குரலே உயர்த்தவில்லை. "எப்படிம்மா போட்டீங்க?" என்றார். மண் புளிப்பாச்சே என்று நீற்றிய சுண்ணாம்பையும் உரத்தையும் ஒரே குவியலாகக் கலந்து, ராத்திரி கொட்டகையில் வைத்துக் காலையில் தூவினோம் என்றேன்.

"கண்ணு எரிஞ்சிருக்குமே?"

எரிந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அள்ளினோம்.

பேப்பர் கப்பில் ஒரு சிட்டிகை உரம் போட்டார். வெற்றிலைப் பெட்டியிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு, இரண்டு சொட்டுத் தண்ணீர். குப்பென்று அதே நெடி! மஞ்சள் தண்ணீரில் நனைத்த தாளைக் கப்புக்கு மேலே பிடித்தார். ஆரத்தித் தண்ணீர் போலச் சிவந்தது. சுண்ணாம்பு பட்டாலும் மஞ்சள் சிவக்குமே என்றேன். "அதான் படாமப் புடிக்கிறேன்" என்று வாசலுக்குப் போய்த் தாளைக் காற்றில் ஆட்டினார். சிவப்பு மெல்ல மங்கி மறுபடி மஞ்சளானது. "அமோனியா பறந்துருச்சு. உங்க தழைச்சத்தும் கூரை வழியா இப்படித்தாம்மா போயிருக்கு."

50 கிலோ மூட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 20.5 சதவீதம், அதாவது 10 கிலோ சொச்சம். சுண்ணாம்பு பட்டதும் அமோனியம் வாயுவாகக் கிளம்பிவிடுகிறது. சல்பேட் மட்டும் ஜிப்சமாகத் தங்குகிறது. அதற்காகச் சுண்ணாம்பே போடாமலும் இருக்க முடியாது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அமோனியத்தை நைட்ரேட்டாக்கும்போது அமிலம் உண்டாகிறது. 100 கிலோ அமோனியம் சல்பேட் தரும் புளிப்பை ஆற்ற, சுமார் 110 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் பிடிக்கும். முதலில் சுண்ணாம்பு, ஒரு மாதமாவது கழித்து உரம் என்று பில்லின் பின்பக்கமே எழுதிக் கொடுத்தார். இதைச் சொல்லாமல் இன்னும் 2 மூட்டை என் தலையில் கட்டியிருக்கலாம், கட்டவில்லை. இந்த வருடம் அவர் சொன்னபடியே செய்தோம், இலை கரும்பச்சையாக நிற்கிறது.

குறை என்றால், மலைக்கு மூட்டை அனுப்ப வண்டி ஏற்பாடு கிடையாது, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் தெரு முழுக்க லாரி. மதியத்துக்கு மேல் போங்கள், அவருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.