யாஷிகா எலெக்ட்ரோ 35: எந்த மாடல் வாங்கலாம்?

யாஷிகாவின் பழைய ஃபிலிம் கேமராவான எலெக்ட்ரோ 35 வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "ஜிஎஸ்என் மாடல் எடுக்கலாமா, ஜிடிஎன் எடுக்கலாமா?" என்றுதான். பல வருடமாக ஜிஎஸ்என்னில் படம் எடுக்கிறேன். என்னைக் கேட்டால், மாடலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் சத்தத்தைக் கேளுங்கள்.

ஃபிலிம் லீவரை இழுக்கும்போது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வரவேண்டும். உள்ளே ஒரு சின்ன ரப்பர் திண்டு உண்டு. வயதாகி அது உதிர்ந்துவிட்டால் இந்தச் சத்தம் நின்றுவிடும், எக்ஸ்போஷரும் (ஃபிலிமில் விழும் வெளிச்சத்தின் அளவு) தாறுமாறாகும். என்னுடையதிலும் அப்படித்தான் ஆனது. திண்டை மாற்றியதும் சரியாகிவிட்டது.

1966-ல் முதல் மாடல் வந்தது, 1968-ல் ஜி, 1973-ல் ஜிஎஸ்என். எஸ் என்றால் வெள்ளி நிறம், டி என்றால் கறுப்பு. என் சேர்ந்தால் ஹாட் ஷூ, அதாவது மேலே ஃபிளாஷ் மாட்டும் இடம், இருக்கும். ஃபிலிம் வேகத்தை (வெளிச்சத்துக்கு ஃபிலிம் எவ்வளவு உணர்திறன் கொண்டது என்ற எண்) ஜிஎஸ்என்னில் 1000 வரை வைக்கலாம், முதல் மாடலில் அவ்வளவு முடியாது. இவ்வளவுதான் வித்தியாசம். இந்த மாடல்கள் எல்லாவற்றிலும் அதே 45 மி.மீ. எஃப்/1.7 யாஷினான் லென்ஸ்தான். ஃபிளாஷ் போடுகிறவர் இல்லையென்றால் பழைய ஜி கிடைத்தாலும் தாராளமாக வாங்கலாம்.

இந்த கேமராவை நான் விடாமல் வைத்திருப்பது அதன் ஷட்டருக்காக. அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பு அளவு) நாம் வைத்தால் போதும்; 1/500 வினாடி முதல் 30 வினாடி வரை, இடையில் எந்த ஷட்டர் வேகம் தேவையோ அதை அதுவே எடுத்துக்கொள்ளும். படிப்படியாகத் தாவுவதில்லை. மஞ்சள் விளக்கு எரிந்தால் வேகம் 1/30-க்குக் கீழே போகிறது என்று அர்த்தம், ஸ்டாண்டில் வைத்துவிடுவேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் இப்படி எடுத்த ஸ்லைடுகளில் கணக்கு அபூர்வமாகத்தான் தவறியிருக்கிறது.

ஷட்டர் வேகத்தை நாமே வைக்க வழியில்லை என்பது உண்மையான குறை. பேட்டரி தீர்ந்தால் 1/500 மட்டும்தான். அந்தக் கால 5.6 வோல்ட் மெர்குரி பேட்டரி இப்போது வருவதில்லை. 6 வோல்ட் 4எல்ஆர்44 பேட்டரியை அடாப்டரில் போட்டு ஓட்டுகிறேன், மீட்டர் சரியாகவே காட்டுகிறது.

இன்னொன்று, வெளிச்சம் அளக்கும் செல் லென்ஸுக்கு வெளியே இருக்கிறது, லென்ஸில் மாட்டும் ஃபில்டர் குறைக்கும் வெளிச்சம் அதற்குத் தெரியாது. ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் பாதியை, குறைக்கும் மஞ்சள் ஃபில்டர் மாட்டினால், 400 ஃபிலிமுக்கு டயலை 200-ல் வையுங்கள்.