படிவம் கேட்காத கேள்விகள்: ஒரு பிரசவ அறை விமர்சனம்

டிஸ்சார்ஜ் அன்று காலை ஒரு படிவம் கொடுத்தார்கள். வரவேற்பு எப்படி, சுத்தம் எப்படி, எவ்வளவு நேரம் காக்க வைத்தோம் என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து முகங்கள், அழுகிற முகத்தில் தொடங்கிச் சிரிக்கிற முகம் வரை. ஒரு கையில் பிறந்த பிள்ளையை வைத்துக்கொண்டு மறு கையால் டிக் அடிக்கச் சொன்னால் எவன் அழுகிற முகத்தைத் தொடுவான்? நானும் எல்லாவற்றுக்கும் சிரிப்பையே போட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. அந்த இரவைப் பற்றி என்னிடம் சொல்ல இருந்த எதையும் அந்தத் தாள் கேட்கவே இல்லை.

அதனால்தான் இது. மருத்துவமனையின் பெயரைப் போடப்போவதில்லை. குறையும் சொல்வேன், நன்றியும் சொல்வேன். முதல் பிள்ளைக்காக மனைவியோடு லேபர் ரூமுக்குள் போகப்போகிற அப்பாக்கள் படித்தால் போதும்.

முதலில், என் கையில் இருந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழாம் மாதத்திலிருந்து எழுதி வந்தேன். வலி ஆரம்பித்தால் பைபிளிலிருந்து எந்தச் சங்கீதம், வலி கூடினால் எந்த வசனம், பிள்ளை பிறந்ததும் எப்படி ஸ்தோத்திரம் சொல்வது என்று பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். பிள்ளை பெறுவது அவள் வேலை, ஜெபிப்பது என் வேலை என்று மனசுக்குள் பாகம் பிரித்தாயிற்று.

இரவு பதினோரு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. மருத்துவமனை வாசலில் ஒருவர், "ஆம்பளைங்க வெளியே இருங்க" என்றார். பதிவு செய்தபோது கணவர் கூடவே இருக்கலாம் என்று இதே இடத்தில்தான் சொன்னார்கள். பெண் விரும்புகிற ஒருவர் பிரசவம் முழுக்கக் கூட இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும்கூட. அதையெல்லாம் அந்த வாசலில் நின்று விளக்க முடியுமா? இருபது நிமிஷம் போனது. அந்த இருபது நிமிஷமும் மனைவி உள்ளே தனியாக இருந்தாள். அழுகிற முகம் ஒன்று இதற்கு. உள்ளே அனுமதி உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள். ராத்திரி வாசலில் நிற்பவருக்கு அது தெரியுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

உள்ளே ஒரு நாற்காலி இருந்தது. அது கட்டிலிலிருந்து ஆறடி தள்ளி, சுவரோரம், என்னைச் சாட்சிக் கூண்டில் நிறுத்துவதற்காகவே போட்டதுபோல. இதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

மெஷினைப் பற்றி நிறைய இருக்கிறது. சிடிஜி என்பார்கள். வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டுவார்கள். ஒன்று குழந்தையின் இதயத் துடிப்பைப் பிடிக்கும், இன்னொன்று வலி வருவதையும் போவதையும் காட்டும். துடிப்பு நிமிஷத்துக்கு 110 முதல் 160 வரை இருந்தால் பயமில்லை. எங்களுக்கு 140 ஓடிக்கொண்டிருந்தது. குதிரை ஓடுகிற மாதிரி சத்தம். நான் மனைவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்த எண்ணையே பார்க்க ஆரம்பித்தேன். இது நான் செய்த தப்பு, நீங்கள் செய்யாதீர்கள். ஒரு மணி வாக்கில் எண் இருந்த இடத்தில் இரண்டு கோடுகள் மட்டும் நின்றன. சத்தமும் இல்லை. என் இதயம் நின்றது என்று எழுதினால் மிகையாகத் தெரியும். ஆனால் கால் துவண்டது உண்மை. ஓடிப்போய் சிஸ்டரைக் கூட்டி வந்தேன். அவர் பெல்ட்டை இரண்டு விரல் அளவுக்கு நகர்த்தினார். குதிரை திரும்பவும் ஓடியது. குழந்தை புரண்டிருக்கிறது, அவ்வளவுதான். "இது ராத்திரிக்கு பத்து தடவை நடக்கும் சார்" என்றார். பெல்ட் கட்டும்போதே இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால்? இரண்டாவது அழுகிற முகம்.

இந்த சிஸ்டர்தான் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

இரண்டு மணிக்கு வலி கூடியது. பத்து நிமிஷத்துக்கு மூன்று. மனைவி கட்டிலின் கம்பியைப் பிடித்துத் தலையைச் சாய்த்து நின்றிருந்தாள். எல்லா வலியும் இடுப்பின் பின்பக்கம்தான் என்றாள். நான் நோட்டைத் திறந்து, ஆறுதலான குரல் என்று நானாக நினைத்துக்கொண்ட ஒரு குரலில் வாசித்தேன். இரண்டாவது வசனம் முடிவதற்குள் திரும்பாமலே சொன்னாள்: "என்னங்க, ப்ளீஸ், கொஞ்சம் வாயை மூடுறீங்களா?" கல்யாணமாகி மூன்று வருஷம். குடும்ப ஜெபத்துக்கு எனக்கு முன்னால் முழங்கால் போடுகிறவள் அவள்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயம். அருகில் வந்து, "சார், ஜெபம் பண்ணுங்க. நான் வேண்டாங்கல. ஆனா கையை இங்க வச்சுக்கிட்டுப் பண்ணுங்க" என்றார். என் வலது கையைப் பிடித்து, மனைவியின் முதுகெலும்பு முடிகிற இடத்துக்குச் சற்று மேலே, தட்டையாக ஒரு எலும்பு இருக்குமே, அதன்மேல் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்தார். தடவக் கூடாதாம். முழங்கையை மடக்காமல், உடம்பின் பாரம் முழுக்க இறங்கும்படி சாய்ந்து அழுத்த வேண்டும். வலி ஏறும்போது தொடங்கி, இறங்கும்போது மெல்ல எடுக்க வேண்டும். உள்ளே பிள்ளையின் தலை அந்த எலும்பை அழுத்துகிறது, வெளியிலிருந்து நாம் எதிர்ப்பக்கம் அழுத்துகிறோம். மருந்தில்லை, மெஷினில்லை, இவ்வளவுதான். முதல் தடவை அழுத்தி முடித்ததும் மனைவி, "எடுக்காதீங்க" என்றாள்.

ஐந்து மணி வரை எடுக்கவில்லை. கணக்குப் போட்டால் ஐம்பது தடவைக்கு மேல் இருக்கும். நோட்டு எங்கே விழுந்தது என்று தெரியாது. ஜெபம் ஒரே வார்த்தையாகச் சுருங்கிவிட்டது. அழுத்தும்போது "ஆண்ட", விடும்போது "வரே". அது ஜெபத்தில் சேருமா, பாரம் தூக்குகிறவன் போடும் சத்தத்தில் சேருமா என்று பாஸ்டரிடம் இன்னும் கேட்கவில்லை.

நடுவில் ஒரு போன். எங்கள் சபைப் பெரியவர் ஒருவர். நல்ல மனிதர், எங்களுக்காகத் தூங்காமல் இருந்தவர். மனைவி எபிடியூரல், அதாவது வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் ஊசி, கேட்டிருக்கிறாள் என்றேன். "தம்பி, வேதனையோடு பிள்ளை பெறுவாய்னு ஏவாளுக்குச் சொன்னது வேதத்தில் இருக்கே, அதை மருந்து போட்டுத் தாண்டலாமா?" என்றார். ஆதாமுக்கும் அடுத்த வசனங்களிலேயே ஒன்று சொல்லியிருக்கிறது. நெற்றி வேர்க்க உழைக்க வேண்டும் என்று. ஐயா நாற்பது வருஷம் ஏசி அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அதைச் சொல்லவில்லை. "ஜெபிச்சுக்குங்க ஐயா" என்று வைத்துவிட்டேன்.

இந்தக் கேள்வி புதிதும் இல்லை. 1847-ல் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவ வலிக்குக் குளோரோஃபார்ம் கொடுக்க ஆரம்பித்தபோதும் இதே வசனத்தைக் காட்டி எதிர்ப்பு வந்தது. அவரும் ஆதியாகமத்திலிருந்தே பதில் சொன்னார்: ஆதாமின் விலா எலும்பை எடுக்கும் முன் கடவுள் அவனை ஆழ்ந்து தூங்க வைத்தாரே, அது என்ன? 1853-ல் விக்டோரியா மகாராணியே தன் எட்டாவது பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் வாங்கிக்கொண்டார். இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பட்டம் அவர் கையில்தான் இருந்தது. கடைசியில் ஊசியை முடிவு செய்ய வேண்டியவள் மனைவிதான் என்று எனக்குப் பட்டது. அவள் முடிவு செய்துவிட்டாள்.

மயக்க மருந்து டாக்டர் வர முக்கால் மணி நேரம். இன்னொரு பிரசவத்தில் இருந்தாராம், கோபப்பட முடியாது. வந்தபின் வேலை கச்சிதம். அசையாமல் முதுகை வளைத்து உட்கார வேண்டும். என்னை எதிரே ஸ்டூலில் உட்கார வைத்து அவள் தோளைப் பிடிக்கச் சொன்னார்கள். நிற்கக் கூடாதாம், ஊசியைப் பார்த்து விழுகிற கணவர்கள் நிறைய என்றார் சிஸ்டர். அதன்பின் மனைவி இரண்டு மணி நேரம் தூங்கினாள். நானும் அந்தச் சாட்சிக் கூண்டில் தூங்கினேன்.

கடைசிக் கட்டம் ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். முக்கச் சொன்னபோது முக்கினாள், நிறுத்தச் சொன்னபோது மூச்சு வாங்கினாள். அதை விவரிக்க எனக்கு உரிமை இல்லை. அது அவள் கதை, அவள் எழுதினால் படித்துக்கொள்ளுங்கள்.

மகள் பிறந்ததும் அழவில்லை. நான் எண்ணினேன், ஆறு வரை வந்தேன். டாக்டர் துணியால் முதுகைத் தேய்த்தார், அழுதாள். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஸ்தோத்திரத்தில் முதல் சொல்கூட வரவில்லை. பைபிளில் சகரியாவுக்கு மாதக்கணக்காக அடைபட்டிருந்த வாய், மகன் பிறந்த பிறகு திறந்தது. எனக்கு நேர்மாறாக அடைத்துக்கொண்டது. இயேசுவை வளர்த்த யோசேப்பு பேசியதாகச் சுவிசேஷங்களில் ஒரு வார்த்தைகூடப் பதிவாகவில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்து கொஞ்சம் தைரியம் தந்தது.

நேராக அம்மாவின் மார்பில் போடுவோம் என்று முன்பே பேசியிருந்தோம். இவர்களோ ஹீட்டருக்குக் கீழே தூக்கிப்போனார்கள். பழக்க தோஷம். வாய் வராத நான் கையை நீட்டிக் காட்டினேன். சிஸ்டர்தான் குறுக்கே புகுந்து, "டாக்டர், அழுதுட்டா, அம்மாகிட்ட குடுத்துரலாமே" என்று வாங்கி வந்தார். தொப்புள்கொடி துடிப்பு அடங்கும் வரை ஒரு நிமிஷத்துக்கு மேல் காத்திருந்து கிளிப் போட்டிருந்தார்கள். அது சரியாக நடந்தது. கத்தரிக்கோலை என்னிடம் கொடுத்தார்கள். அதில் நரம்பு இல்லை, யாருக்கும் வலிக்காது என்று தெரிந்தும் கை நடுங்கியது. ரப்பர் குழாய் மாதிரி வழுக்கியது. இரண்டாம் வெட்டில்தான் துண்டானது.

அப்கார் 7 என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. பத்துக்கு ஏழா என்று பதறினேன். பிறந்த பிள்ளையின் நிலைக்குப் போடும் மார்க் அது. நிறம், துடிப்பு, தூண்டினால் காட்டும் எதிர்வினை, தசை இறுக்கம், மூச்சு என ஐந்துக்கும் தலா இரண்டு மதிப்பெண். முதல் நிமிஷத்தில் ஒருமுறை, ஐந்தாம் நிமிஷத்தில் ஒருமுறை. ஏழும் அதற்கு மேலும் நல்லது. கையும் காலும் கொஞ்ச நேரம் நீலமாகவே இருப்பதால் முழுப் பத்து வாங்குகிற பிள்ளைகள் அபூர்வம். ஐந்தாம் நிமிஷம் 9. 1952-ல் இதை வகுத்த வர்ஜீனியா அப்கார் ஒரு மயக்க மருந்து நிபுணர் என்பதைப் பிறகு படித்தபோது, காக்க வைத்த எங்கள் டாக்டரை முழுசாக மன்னித்துவிட்டேன்.

தையல் போட்ட நேரத்தில் பிள்ளையை என் மார்பில் படுக்க வைத்தார்கள். பட்டன் சட்டை போட்டுப் போங்கள், டி-ஷர்ட் வேண்டாம். இந்த விமர்சனத்தில் காசு பெறுமானமுள்ள வாக்கியம் இதுதான். பிறந்த பிள்ளைக்கு ஓரடிக்குள் இருப்பதுதான் ஓரளவு தெரியும் என்பார்கள். மார்பிலிருந்து முகத்துக்கு அதே தூரம். அவள் ஒற்றைக் கண்ணைத் திறந்து என் தாடையைப் பார்த்தாள். பிடிக்கவில்லை போல, மூடிக்கொண்டாள்.

அந்தப் படிவத்தின் கடைசியில் ஒரு கோடு இருந்தது: உங்களைச் சிறப்பாகக் கவனித்துக்கொண்ட ஊழியரின் பெயர். சிஸ்டரின் பேட்ஜ் ராத்திரி முழுக்கத் திரும்பியே தொங்கிக்கொண்டிருந்தது, வெள்ளை முதுகைத்தான் பார்த்தேன். காலை ஷிப்டில் கேட்டால், ராத்திரி நான்கு பேர் இருந்தார்களே, எந்த சிஸ்டர் என்றார்கள். கோட்டில் இப்படி எழுதிக் கொடுத்தேன்: "பேட்ஜ் திரும்பியிருந்தவர். என் கையை எங்கே வைப்பது என்று காட்டியவர்."